முதலில் ஆடு ஓட்டட்டும்!

1893. இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்து மலைச்சரிவு. ஆடம் டெல்ஃபர் என்ற பண்ணைக்காரர் ராய் என்ற ஆண் நாயையும் மெக் என்ற பெட்டையையும் இணை சேர்த்தார். இரண்டுமே குறையுள்ள நாய்கள். ராய் கலகலப்பானது, யாரிடமும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் செம்மறியைப் பார்வையாலேயே மடக்கி நிறுத்தும் வித்தை அதனிடம் போதாது. மெக் அதற்கு நேர் எதிர். கூச்ச சுபாவம். ஆட்டை முறைக்கத் தொடங்கினால் அந்த முறைப்பிலேயே தானும் உறைந்து, அடுத்த அடி எடுத்து வைக்க மறந்துவிடும். அந்த செப்டம்பரில் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு ஹெம்ப் என்று பெயர் வைத்தார்கள்.

பின்னாளில் ‘ஓல்டு ஹெம்ப்’ என்று அறியப்பட்ட அந்த நாய் குரைக்காமல், பல் படாமல், தாழப் பதுங்கி வந்து மந்தையை நகர்த்தியது. ஆடுகளும் மிரளாமல் நகர்ந்தன. சுற்றுவட்டார மேய்ப்பர்கள் தங்கள் பெட்டைகளை அதனிடம் கொண்டுவந்தார்கள். 1901இல் இறப்பதற்குள் 200க்கும் மேற்பட்ட குட்டிகளுக்கு அது தகப்பன். இன்று உலகில் இருக்கிற பார்டர் கோலி நாய்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஏறக்குறைய எல்லாமே ஹெம்ப்பில் போய் நிற்கும்.

ஓர் இனத்தையே உருவாக்கிய அந்த இணைப்பை நினைக்கும்போது நிறமோ, காதின் வடிவமோ ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒன்றிடம் குறைவாக இருந்தது இன்னொன்றிடம் மிகையாக இருந்தது, அவ்வளவுதான். அது தெரிய வேண்டுமானால் இரண்டையும் ஆட்டோடு வேலையில் பார்த்திருக்க வேண்டும். மேய்ச்சல் நாய் வளர்ப்பை இன்று குடும்பப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏராளம். ஆடு வளர்ப்பு தொழிலாக இல்லாத ஆசிரியர்களும் செவிலியர்களும் அலுவலக ஊழியர்களும்கூட வார இறுதியில் வாடகைக்கு எடுத்த புல்வெளியில் நாயோடு நிற்கிறார்கள். அவர்களில் பொறுப்பானவர்கள் கடைப்பிடிக்கிற விதி ஒன்றுதான்: நாய் முதலில் ஆடு ஓட்டட்டும், குட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பார்வை என்னும் ஆயுதம்

ஓநாய் வேட்டையாடுவதில் ஒரு வரிசை உண்டு. இரையை நோட்டமிடும், கண் எடுக்காமல் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் பணியாற்றிய ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் வேலை நாய்களைப் பல காலம் ஆராய்ந்து, இந்த வரிசை ஒவ்வொரு நாயினத்திலும் வேறு வேறு இடத்தில் வெட்டப்பட்டோ நீட்டப்பட்டோ இருக்கிறது என்று விளக்கினார்கள். பார்டர் கோலியிடம் முதல் நான்கும் பன்மடங்காக வளர்ந்திருக்கின்றன. கடைசி இரண்டும் அடங்கிப்போயிருக்கின்றன. வேட்டை இருக்கிறது, கொலை இல்லை. பார்வையால் மந்தையை ஆளும் இந்தத் திறமையைப் பிரிட்டன் மேய்ப்பர்கள் ‘கண்’ என்றே சொல்கிறார்கள்.

நம் ஊர் வாசகருக்கு இது புதிதாக இருக்கலாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளிடம் இருக்கிற கிடை நாய் வேறு வேலைக்காரன். குட்டியிலிருந்தே ஆட்டோடு கிடந்து வளர்ந்து, ராத்திரியில் நரியையும் திருடனையும் கிடைப் பக்கம் அண்டவிடாமல் குரைப்பது அதன் பணி. மந்தையை நடத்துவது கீதாரியின் குரலும் கம்பும்தான். ஆட்டை முறைத்துப் பதுங்குகிற நாயைக் கிடைக்குள் விடவே மாட்டார்கள். காவல் நாய்க்கு வேட்டை வரிசையே தூங்கிக் கிடக்க வேண்டும். ஓட்டும் நாய்க்கு அதில் பாதி விழித்திருக்க வேண்டும்.

இந்தப் பாதி விழிப்பைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது என்பதுதான் விஷயம். உட்கார், எழுந்திரு, பந்தை எடுத்து வா என்பதை எந்த நாய்க்கும் சொல்லிக்கொடுக்கலாம். ஆட்டைச் சுற்றி வளைந்து ஓடி, அதற்கு அந்தப் பக்கம் போய் நின்று, மனிதனை நோக்கித் திருப்ப வேண்டும் என்ற துடிப்பு ரத்தத்தில் இருந்தால்தான் உண்டு. பயிற்சியாளர் அதைச் செதுக்குகிறார், திசை காட்டுகிறார், சில சமயம் அடக்குகிறார். இல்லாத துடிப்பை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? வேலையைச் சோதிக்காமல் சில தலைமுறைகள் குட்டி எடுத்துப் பாருங்கள். உருவம் அப்படியே இருக்கும், உள்ளே இருந்தது கரைந்துபோயிருக்கும்.

களத்தில் ஒரு நாய்

அந்தச் சோதனைக்கென்றே ஒரு களம் பிறந்தது. பிரிட்டனில் பதிவான முதல் மேய்ச்சல் நாய்ப் போட்டி 1873 அக்டோபர் 9 அன்று வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் நடந்தது. நடத்தியவர் லாயிட் பிரைஸ் என்ற நிலக்கிழார். வென்றவர் வேல்ஸில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் தாம்சன், நாயின் பெயர் ட்வீட். 1906இல் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டன் ஊரில் கூடியவர்கள் சர்வதேச மேய்ச்சல் நாய்ச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இனப் பதிவேடு இன்றும் அந்தச் சங்கத்தின் கையில் இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பெற்றோர் யாரென்று பதிவே இல்லாத நாய்கூட, களத்தில் தன் திறமையை நிரூபித்து, உடல்நலச் சோதனைகளிலும் தேறினால், தகுதி அடிப்படையில் பதிவேட்டில் இடம்பெறலாம். வேலை பிறப்புச் சான்றிதழாகிறது!

போட்டியில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேய்ப்பர் ஒரு கம்பத்தருகே நிற்பார். நாய் அவர் காலடியில். 350 மீட்டருக்கு அப்பால், மேட்டு நிலத்தில், நான்கைந்து செம்மறிகள். ஒரு சின்னச் சீழ்க்கை. நாய் நேராக ஓடாது. பேரிக்காய் வடிவத்தில் அகலமாக வளைந்து ஓடும். நேராகப் போனால் ஆடுகள் சிதறிவிடும் என்பது அதற்குத் தெரியும். மந்தைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் வேகம் சட்டென்று குறைகிறது. தலை தாழ்கிறது. ஒரு முன்னங்கால் தூக்கியபடி நிற்கிறது. ஆடுகள் தலை நிமிர்ந்து பார்க்கின்றன. அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் இரு தரப்பும் ஒன்றையொன்று எடைபோட்டுக்கொள்கின்றன. நாய் அவசரப்பட்டால் மந்தை வெடித்து ஓடும்; தயங்கினால் தலைமை ஆடு காலை உதைத்து எதிர்த்து நிற்கும். சரியாக நெருங்கினால் ஏதோ தாங்களே முடிவு செய்தது போல ஆடுகள் திரும்பி நடக்கும். இந்தக் கணத்துக்கு மட்டும் 10 மதிப்பெண். வளைந்து ஓடியதற்கு 20, மந்தையை மேய்ப்பரிடம் கொண்டுவருவதற்கு 20, அவரைவிட்டு விலக்கி வாசல்கள் வழியாக ஓட்டிச்செல்வதற்கு 30, மந்தையைப் பிரிப்பதற்கு 10, பட்டியில் அடைப்பதற்கு 10.

ஓட்டிச்செல்வதற்கு ஏன் அதிகம் என்றால், அது நாயின் இயல்புக்கு எதிரானது. கொண்டுவந்து சேர்க்கவே அதன் ரத்தம் சொல்கிறது. நீ சொல்கிறாயே என்பதற்காக விலக்கி ஓட்டுகிறேன் என்று நாய் ஒப்புக்கொள்வதற்கு மாதக்கணக்கில் நம்பிக்கை சேர்ந்திருக்க வேண்டும். துணிச்சல், பொறுமை, கேட்கும் குணம், ஓட்டத்துக்கு ஈடு கொடுக்கும் உடம்பு என்று நாயின் ஒவ்வொரு அம்சமும் இந்தச் சில நிமிடங்களில் அம்பலமாகிவிடும். அழகுப் போட்டியின் நடுவர் தொட்டுப் பார்த்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வீடே சேர்ந்து பழகும் வித்தை

1976இல் பிபிசி தொலைக்காட்சி ‘ஒன் மேன் அண்ட் ஹிஸ் டாக்’ (ஓர் ஆணும் அவன் நாயும்) என்ற தலைப்பில் மேய்ச்சல் நாய்ப் போட்டியைத் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. 1980களில் அதைப் பார்த்தவர்கள் வாரத்துக்கு 80 லட்சம் பேர். தலைப்பிலேயே ஆண் இருந்த அந்தத் தொடரை 1990இல் கேட்டி கிராப்பர் என்ற பெண் வென்றார். மேய்ச்சல் நாய்ப் போட்டிகளில் இளம் பயிற்சியாளர்களுக்கென்று தனிப் பிரிவே உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்களைவிட நிதானமான நாயோடு களத்துக்கு வருகிறார்கள். வயதான, அனுபவமுள்ள நாயைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பழக்குவதும், இளம் நாயைப் பெரியவர் பழக்குவதும் அங்கே குடும்ப வழக்கம்.

பழக்கம் எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வருகிற நாளில் தொடங்குகிறது, ஆட்டோடு அல்ல. பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், படு என்றால் படுக்க வேண்டும். இந்த மூன்றையும் வீட்டில் யார் சொன்னாலும் ஒரே வார்த்தையில், ஒரே தொனியில் சொல்ல வேண்டும். அம்மா ஒரு மாதிரி, பிள்ளை ஒரு மாதிரி சொன்னால் குழப்பம் நாய்க்கு. இது குடும்பத்துக்கே ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்துவிடுகிறது. குட்டியைத் தனியே ஆட்டுப் பக்கம் விடக்கூடாது. ஒரு முட்டு வாங்கிப் பயந்தாலும் கெடும், தறிகெட்டுத் துரத்திப் பழகினாலும் கெடும்.

பத்து, பன்னிரண்டு மாதம் ஆகி, ஆட்டை முந்திப் போகிற வேகம் வந்த பிறகுதான் முதல் பாடம். சிறிய வட்டத் தொழுவம், நாய்க்குப் பழகிய, மிரளாத ஐந்தாறு செம்மறிகள், நடுவில் ஆள். நாய் உள்ளே வந்ததும் முதல் அரை நிமிடம் அமளி. வால் மேலே தூக்கியிருக்கும், வாய் திறந்திருக்கும், அது விளையாட்டு. ஆள் ஆடுகளை நெருங்கி நின்று, நாயை மட்டும் வெளிவட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். எங்கோ ஒரு சுற்றில் வால் கீழிறங்கி இரண்டு பின்னங்கால்களுக்கு நடுவே வந்துவிடும். வாய் மூடும். ஆள் ஒரு பக்கம் நகர்ந்தால் நாய் தானாகவே எதிர்ப்பக்கம் நகர்ந்து, ஆடுகளை நடுவில் வைத்துக்கொள்ளும். கடிகாரத்தில் ஆறு மணியில் மனிதன் நின்றால் பன்னிரண்டில் நாய். இதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. வேலிக்கு வெளியே நின்று முதல்முறை இதைப் பார்க்கிற பிள்ளைகளின் வாய் அடைத்துப்போகும். பெரியவர்களுக்கும்தான்.

அந்தத் தானான நகர்வுக்கு மேல்தான் கட்டளைகளைப் பொருத்துகிறார்கள். நாய் கடிகார முள் போகும் திசையில் சுற்றும்போது ‘கம் பை’ என்கிறார்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ‘அவே’. பிறகு சொல்லுக்குப் பதில் சீழ்க்கை. பாடம் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது, நாய் சரியாக ஒன்றைச் செய்தவுடன் நிறுத்திவிட வேண்டும். ‘போதும்’ என்று பொருள்படும் ‘தட்’ல் டூ’ என்ற கடைசிக் கட்டளைக்கு ஆட்டைவிட்டுவிட்டுத் திரும்பி வருகிற நாய்தான் வீட்டிலும் சொன்னபடி கேட்கும்.

இந்த விளையாட்டில் யாரும் அதிகம் பேசாத ஒரு தரப்பு ஆடு. நாய் பழகுவதற்காக அதே ஆடுகளை நாள்தோறும் விரட்டினால் அவை கால் ஓய்ந்து, வேலியோடு ஒட்டிக்கொண்டு, நாயைக் கண்டாலே நகர மறுக்கும். சினை ஆட்டைப் பயிற்சிக்கு எடுக்கக்கூடாது. வெயில் ஏறிய பிறகு எந்த ஆட்டையும் எடுக்கக்கூடாது. ஆட்டைக் கிள்ளி மயிர் பிடுங்குகிற நாயைக் ‘குட்டிதானே’ என்று விட்டுவிடுகிற குடும்பம் இந்தப் பொழுதுபோக்குக்கு லாயக்கில்லை என்பேன். இடமும் ஆடும் இல்லாதவர்கள் வாத்து வைத்துப் பழக்குவதுண்டு. கூட்டத்தைவிட்டுப் பிரியாமல் நிமிர்ந்து ஓடுகிற இந்தியன் ரன்னர் வாத்து இதற்குத் தோது. பெயரில் இந்தியா இருந்தாலும் அதன் பூர்வீகம் இந்தோனேசியத் தீவுகள். சிறிய இடமிருந்தாலும் பாடம் நடக்கும், பிள்ளைகளுக்கும் பயமில்லை.

குட்டி எடுப்பது கடைசிப் பாடம்

இத்தனையும் கடந்து, நாய்க்கு மூன்று வயதாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த இடத்தில் தயங்குகிறது, எதிர்க்கிற ஆட்டின் முன் நிற்கிறதா பின்வாங்குகிறதா என்பது இப்போது தெரியும். குட்டி எடுக்கலாமா என்ற கேள்விக்கு இதுதான் நேரம். முதல் பருவத்திலேயே இணை சேர்க்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிறார்.

குணம் தெரிந்தது, உடம்பு? இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்து மதிப்பிடும் முறை பிரிட்டனில் இருக்கிறது. ஓராண்டு நிறைந்த பிறகுதான் எடுக்க முடியும். இரண்டு பக்கமும் சேர்த்து 0 முதல் 106 வரை எண். குறைவாக இருந்தால் நல்லது. அடுத்து கண். கோலி இனங்களில் ஒரு பரம்பரைக் கண் கோளாறு உண்டு, விழித்திரைக்கு அடியில் இருக்கிற அடுக்கு சரியாக வளராது. லேசாக இருந்தால் நாய் சமாளித்துவிடும், தீவிரமானால் பார்வையே போகலாம். குட்டிகளுக்கு ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் கண் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். பிறகு விழித்திரையில் நிறமேறிக் குறை மறைந்துகொள்ளும், கோளாறுள்ள நாய் நல்ல நாய் போலத் தெரியும். 2005 முதல் இதற்கு டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. டி.என்.எஸ். என்கிற இன்னொரு நோய் கொடுமையானது. வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையைவிட்டு ரத்தத்துக்குள் வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். குட்டி ஒன்றன் பின் ஒன்றாகத் தொற்று வந்து மெலிந்து, பெரும்பாலும் சில மாதங்களில் போய்விடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் வில்டனின் குழு இதற்கான மரபணுச் சோதனையைத் தந்தது. அதற்கு முன்பு ‘ஏனோ தேறாத குட்டி’ என்றே இவற்றை எழுதிவைத்தார்கள்.

இரண்டு நோய்களுமே ஒடுங்கு மரபணுவால் வருபவை. தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்திருந்து, இரண்டுமே பார்க்க ஆரோக்கியமாக இருந்தால்? சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று நோயாளி, இரண்டு நோயைச் சுமப்பவை, ஒன்று சுத்தம். சோதனை செய்தவருக்கு இந்தத் துயரம் வராது. சுமக்கிற நாய் திறமைசாலியாக இருந்தால் அதை ஒதுக்கவும் தேவையில்லை, சுத்தமான துணையோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. வலிப்பு நோய்க்கு இப்படி வழியில்லை. பார்டர் கோலியில் அது பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் வெளிப்படும். ஆகவே வயது முதிர்ந்த ஆண் நாயைத் தேடிப் போவதே புத்திசாலித்தனம். சகோதரங்களுக்கும் பெற்றோருக்கும் வந்ததா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், நம் நாய்க்கு வந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

சாம்பியனிடமே எல்லோரும் ஓடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1963இல் பிறந்த விஸ்டன் கேப், 1965இல் சர்வதேசப் பட்டத்தை வென்றபோது அதற்கு இரண்டு வயதுதான். அழகு, வேலை, பணிவு மூன்றும் சேர்ந்த நாய். பெட்டைகள் வரிசையில் வந்தன. இன்று அதன் பெயர் இல்லாத வம்சாவளிச் சீட்டைக் காண்பது அரிது. ஒரே நாய் பல கிளைகளில் தாத்தாவாகிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு உறவில்லாத துணை எங்கே கிடைக்கும்? உடன்பிறந்த அண்ணன் தங்கை நாய்களைச் சேர்த்தால் குட்டியின் உள்ளினக் கலப்பு 25 சதவீதம். ஒரே தகப்பனின் வேறு வேறு தாய்ப் பிள்ளைகளானால் 12.5, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளானால் 6.25. பொறுப்பானவர்கள் இணைப்புக்கு முன்பே இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். பட்டம் வென்ற நாயைவிட, பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெயர் தெரியாமல் உழைக்கிற நல்ல நாய் தங்கள் பெட்டைக்குப் பொருத்தமாக இருப்பதும் அப்போது தெரியவரும்.

சினைக்காலம் சுமார் 63 நாள். அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை, குட்டிகளுக்கு வீடு பார்ப்பது. ஏழெட்டுக் குட்டி பிறக்கலாம். அத்தனைக்கும் பெயர் எழுதிய பட்டியல் கையில் இல்லாமல் இணை சேர்க்கக்கூடாது. தாயின் உடல் வெப்பம் 37 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும் என்று கணக்கு. ஈற்றுப் பெட்டியின் ஒரு மூலையை முதல் வாரம் 30 டிகிரி அளவுக்குக் கதகதப்பாக வைக்க வேண்டும், குட்டிகளால் சொந்தமாக உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. காலையும் மாலையும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதுவது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. எடை ஏறாத குட்டியை அந்த நோட்டுப் புத்தகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பத்து, பதினான்கு நாளில் கண் திறக்கிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை நாயின் மனது வார்க்கப்படுகிற காலம். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் நீண்ட காலம் குட்டிகளைக் கவனித்து 1965இல் எழுதிய நூல் இதை நிலைநாட்டியது. அந்த வாரங்களில் மனிதக் கையையே அறியாத குட்டி வாழ்நாள் முழுக்க மனிதனைக் கண்டு ஒதுங்கும். குடும்பம் என்ற அமைப்பு தொழில்முறைப் பண்ணையை வெல்கிற இடம் இதுதான். வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, பாத்திரம் விழுகிறது, தாத்தா இருமுகிறார், பிள்ளையின் நண்பர்கள் வருகிறார்கள். இத்தனையையும் குட்டி காதிலும் மூக்கிலும் வாங்கிக்கொள்கிறது. கொட்டகையில் கம்பிக்குப் பின்னால் பிறந்த குட்டிக்கு இது கிடைக்காது.

குட்டி பிரியும்போது அதை வாங்குகிறவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். எந்த வயதில், எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் நாய் பிறந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும், வேறு கைக்குப் போகக்கூடாது. பத்து வயதில் மூட்டு வலியோடு வந்தாலும் அதற்கு ஒரு மூலை உண்டு. எத்தனை குட்டி எடுக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இது: எத்தனை திரும்பி வந்தால் நம் வீடு தாங்கும்?

கவர்ச்சியும் காசும்

நாய் அழகுப் போட்டிகளை நடத்தும் பிரிட்டனின் கென்னல் கிளப் 1976இல் பார்டர் கோலியை அங்கீகரித்தது. அமெரிக்கக் கென்னல் கிளப் 1995இல் அங்கீகரித்தபோது மேய்ச்சல்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வர்ஜீனியாவில் ஆடு வளர்த்த எழுத்தாளர் டொனால்ட் மெக்கெய்க் அந்தப் போராட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். தோற்றத்துக்கு ஓர் அளவை எழுதிவைத்தால் நாய் அந்த அளவை நோக்கியே நகரும் என்பது அவர்கள் பயம். பிரிட்டனில் அழகுப் பட்டம் பெற்ற பார்டர் கோலி முழு சாம்பியன் ஆக ஆடு ஓட்டும் சோதனையிலும் தேற வேண்டும் என்பது ஓரளவு ஆறுதல்.

நிற மோகம் இதைவிட மோசம். நீலச் சாம்பல் திட்டுகள் கொண்ட ‘மெர்ல்’ நிறத்துக்கு நல்ல விலை. மெர்ல் நாயை மெர்ல் நாயோடு சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரட்டையாகப் பெறும். அவற்றில் பல வெளுத்துப் பிறந்து, காது கேளாமலோ கண் தெரியாமலோ வாழும். தெரிந்தே இதைச் செய்கிறவரை வளர்ப்பாளர் என்று சொல்ல என் பேனா மறுக்கிறது.

காசு? 2021 பிப்ரவரியில் வேல்ஸின் டால்கெத்லி ஏலத்தில் கிம் என்ற ஒரு வயது நாய் 28,455 பவுண்டுக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்துக் குட்டி வியாபாரத்தில் இறங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த விலை, அத்தனை சிறிய வயதிலேயே வேலை கற்றிருந்த நாய்க்குக் கிடைத்தது. எக்ஸ்ரே, மரபணுச் சோதனை, கண் மருத்துவர், தடுப்பூசி, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் போக ஓர் ஈற்றில் மிஞ்சுவது கொஞ்சம். சிசேரியன் வந்துவிட்டால் அதுவும் இல்லை.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. பிறந்த இடத்தில் தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். இந்தியாவிலும் 2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. தாளில் நல்ல விதிகள்தான். செல்போனில் படம் பார்த்து, பேருந்து நிலையத்தில் அட்டைப் பெட்டியில் குட்டியைக் கைமாற்றிக்கொள்கிற வியாபாரத்தை அவை இன்னும் தொடவில்லை.

சென்னையிலும் கோவையிலும் பார்டர் கோலி இப்போது அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டது. ‘உலகின் புத்திசாலி நாய்’ என்ற பேச்சு அதற்கு எமனாக வந்தது. மலையில் பகல் முழுக்க ஓட வார்க்கப்பட்ட உடம்பு இரண்டு படுக்கையறை வீட்டில் சும்மா இருந்தால், அந்தத் துடிப்பு வேறு வழி தேடும். மின்விசிறியின் நிழலைப் பதுங்கிப் பிடிக்கும், ஓடுகிற ஸ்கூட்டரை வளைக்கும், வீட்டுப் பிள்ளைகளை மூலையில் ஒதுக்கிக் கணுக்காலைக் கிள்ளும். ‘கெட்ட நாய்’ என்று பெயர் வாங்கி மொட்டை மாடியில் கட்டிவைக்கப்படும். நாய் தன் வேலையைத்தான் செய்தது, ஆடு மட்டும்தான் இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். விடியற்காலை வெயிலுக்கு முன் ஓட்டம், மூக்கால் தேடும் விளையாட்டுகள், ஜெர்மனியில் உருவான ட்ரைபால் என்ற பெரிய பந்துகளை மந்தை போல உருட்டிச் சேர்க்கும் பயிற்சி என்று அந்த மூளைக்குத் தீனி போடலாம். குட்டி எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கருத்தடை செய்துவிடலாம். இனிமேல்தான் வாங்கப்போகிறவர் விற்பவருக்கு ஒரு போன் போடட்டும். தாய் நாய் ஆட்டோடு வேலை செய்கிற காட்சியைக் காட்ட முடியுமா, தாய் தகப்பன் இருவரின் கண், இடுப்புச் சோதனைச் சான்றுகள் இருக்கின்றனவா, ஐந்து வருடம் கழித்து நான் நாயைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்கட்டும். மழுப்பலாகப் பதில் வந்தால் குட்டியைப் பார்க்கவே போக வேண்டாம். கையில் தூக்கிவிட்டால் மனசு கேட்காது.